அத்தானின் சிரிப்பு

"உள்ளே போனதும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா, சிரிக்கவே கூடாது. புரியுதா?"

அரங்க வாசலிலேயே அக்கா தன் கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மனுஷன் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"சரிம்மா" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

இன்று அவள் தங்கைக்குப் பெரிய நாள். கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருந்தவள், பிடிவாதமாகக் கோடிங் கற்றுக்கொண்டு, பாட்டைக் கேட்டுத் தானே பூ பூக்கிற திரை ஒன்றைச் செய்திருந்தாள். பாடகியின் குரல் மைக்கில் விழுந்தால் திரையில் பூ விரியும். இன்றைய நாடகத்தில் அது சரியாக வந்தால் இந்தக் குழுவிலேயே வேலை. சொதப்பினால் மறுபடியும் கல்யாண வீடியோதான்.

விளக்கு அணைந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் பாடகி உருகி உருகிப் பாடினாள். மெல்லிய குரல். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. அக்கா கண்ணை மூடி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது.

"ஹா ஹா ஹா ஹா!"

அத்தனை தலைகளும் திரும்பின.

"யாருய்யா அது?"

"மனுஷனாய்யா நீ? வெளியே போய்ச் சிரி!"

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மேடைப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், குனிந்த தலையோடு கணவனைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவ பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே! அப்படி என்ன சிரிப்பு?"

அவர் கம்மென்று நின்றார். உள்ளே கைதட்டல் கேட்டது. பாடகிக்காக இருக்கும் என்று நினைத்து அக்கா இன்னும் அழுதாள்.

நாடகம் முடிந்ததும் தங்கை ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கடி, இவரை நான் கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது..."

தங்கை அவளைத் தாண்டிப் போய் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், வேலை கிடைச்சிடுச்சு!"

அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"நீ திரையைப் பார்க்கலையாக்கா? இருட்டாவே கிடந்துச்சு! நீ ஆபீஸ் போனப்புறம், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த அத்தானைத் தூங்கவிடாம, லேப்டாப் முன்னாடி உட்கார வச்சுச் சிரிக்கச் சொல்லித்தான் தினமும் டெஸ்ட் பண்ணேன். அந்தச் சிரிப்பு அளவுக்குச் சத்தம் வந்தாத்தான் முதல் பூ விரியும்னு கோடிங்ல எழுதித் தொலைச்சிருக்கேன். பாடுறவங்க குரல் அதுக்கு எட்டவே இல்லை. அத்தான் சிரிச்சாரு பாரு, குப்புன்னு பூத்துடுச்சு! முதல் பூவுக்குத்தான் அந்தக் கணக்கு, அப்புறம் அவங்க முணுமுணுத்தாக்கூடத் திரை முழுக்கப் பூதான்!"

அக்கா கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தத் திட்டு திட்டினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? ஒரு தடவை மீறினதுக்கே இந்தப் பாடு!"