கசகசாவுக்கு இங்கிலீஷ்

பிளாஸ்டிக் உறை போட்ட தாளை அவர் ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

இன்று காலைதான் அதை மெஸ்ஸின் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சரியாக அவர் தலை உயரத்துக்கு.

டேக். பாப்பி சீட்ஸ். டூ ஹன்ட்ரட் கிராம்ஸ்.

ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், யார் துணையும் இல்லாமல் அவர் வாசிக்கிற முதல் இங்கிலீஷ் தாள். பெருமையாகத்தான் இருந்தது, நான்காவது வரி வரைக்கும்.

நான்காவது வரியில் இளநீர் வந்தது.

சோக் இன் டெண்டர் கோக்கனட் வாட்டர்.

விரல் நின்றுவிட்டது.

சால்னாவுக்குக் கசகசாவை இளநீரில் ஊறப்போட வேண்டும் என்பது இந்தப் பூமியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பரோட்டா மாஸ்டர். அந்த மனுஷன் போய்ப் பதினோரு வருஷம். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடாதே என்று, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

விட்டதில்லை.

விடிகாலையில் மசாலா கூட்டும்போது அடுப்படிக் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். "மாஸ்டர் கருவறைக்குள்ள இருக்காரு, நடை தொறக்க நேரமாகும்" என்று சப்ளையர்கள் வெளியே நின்று கிண்டலடிப்பார்கள்.

பெரிய முதலாளி கல்லாவில் இருந்தவரை மெஸ் மெஸ்ஸாக இருந்தது. படித்துவிட்டு மகன் தீனதயாளன் வந்து உட்கார்ந்ததும் அது 'கிச்சன்' ஆயிற்று. கைகழுவும் தொட்டிக்கு மேலே 'எங்கள் தொலைநோக்கு' என்று ஒரு பலகை ஏறிற்று. பெயரில் பாதியை வெட்டி வெறும் தீனா ஆனான். வெட்டிய இடத்தில் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பதவியை வைத்துக்கொண்டான்.

அவரையும் விட்டுவைக்கவில்லை.

"இனிமே நீங்க மாஸ்டர் இல்ல மாஸ்டர். செஃப்."

செஃப்புக்கு இங்கிலீஷ் வேண்டாமா? கேமராவோடு வந்த ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்க, அவர் கரண்டியும் கையுமாகப் பேந்தப் பேந்த விழித்ததை அதற்குள் ஊரே செல்போனில் பார்த்துச் சிரித்திருந்தது.

ஆகவே வகுப்பு. வாத்தியார் தீனாவேதான். மதியக் கூட்டம் வடிந்தபின், ஆறாம் நம்பர் மேசையில், இரண்டு டீயுடன். காய்கறியில் ஆரம்பித்துப் பாத்திரத்துக்கு வந்தார்கள். வீட்டில் போய் "சால்ட்" என்று கை நீட்டினார். "ஏன், உப்புன்னா நாக்குல ஏறாதோ?" என்றாள் பெண்டாட்டி தங்கபுஷ்பம்.

கடைசி வாரம் முழு வாக்கியம்.

"உங்க கைவேலையவே சொல்லுங்க மாஸ்டர். தெரிஞ்ச விஷயம்னா வார்த்த தானா வரும்."

வந்தது.

கசகசாவைச் சொன்னார். இளநீரைச் சொன்னார். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை, மணி சொல்லும் பாடத்தோடு சேர்த்துச் சொன்னார்.

தமிழில் கேட்டிருந்தால் கழுத்தில் கத்தி வைத்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார். இங்கிலீஷில் சொன்னது அவருக்குச் சொன்ன மாதிரியே இல்லை. ஒப்பித்த மாதிரிதான் இருந்தது. ஒன்றிரண்டை மறைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

முழு மார்க் வேண்டியிருந்தது.

சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு தீனா 'வெரிகுட்' போட்டான். நோட்டை அவனே பத்திரப்படுத்திக்கொண்டான்.

"வாசிச்சிட்டீங்களா மாஸ்டர்?"

பின்னால் தீனா நின்றிருந்தான். பக்கத்தில், முந்தாநாள் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த பிகாஷ், மடிப்புக் கலையாத ஏப்ரனில். கையில் ஒரு கிண்ணம்.

"பைபாஸ்ல மூணு பிராஞ்ச் வருதுல்ல. எல்லாத்துக்கும் உங்க ஒருத்தரையே நம்பிட்டு இருக்க முடியுமா? உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்."

என்ன ஒரு கரிசனம்.

"இது பிகாஷ் வெச்சது. உங்க சால்னா மாதிரியே இருந்துச்சுன்னா நாளைலருந்து இவர்ட்டயே விட்டுரலாம். நீங்களே டேஸ்ட் பாத்துச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொல்லுங்க, அவருக்கும் புரியணும்."

கிண்ணத்தை வாங்கினார். எண்ணெய் கண்கண்ணாகப் பிரிந்து மேலே நின்றது.

ஒரு குறை போதும். ஒரே ஒரு வார்த்தை.

குறைகளுக்கென்றே நான்கு நாள் பாடம் நடந்திருக்கிறது. உப்புக் கரித்தால் ஒன்று. அடிப்பிடித்தால் ஒன்று. நீர்த்தால், கசந்தால், பச்சை வாடை அடித்தால், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சாப்பாட்டில் நொட்டை சொல்லவே வெள்ளைக்காரன் பிறந்திருக்கிறான் என்று அப்போது ஆச்சரியப்பட்டார். இப்போது அத்தனையும் நாக்கு நுனியில் வந்து வரிசை கட்டி நின்றன.

உறிஞ்சினார்.

கண்ணை மூடிக்கொண்டு உப்பைத் தேடினார். காரத்தைத் தேடினார். அடியில் எங்காவது துளிக் கருகல் கிடைக்காதா என்று தேடினார்.

இன்னொரு வாய் உறிஞ்சினார்.

இருபத்திரண்டு வருஷமாக ஊர் தின்ற சால்னா. அவர் அடுப்பு முன்னால் நின்றபடி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்ததோடு சரி. இன்னொருத்தர் கையால் வாங்கிச் சாப்பிட்டதே இல்லை.

பிகாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தான்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றான் தீனா.

அவர் காலிக் கிண்ணத்தைப் பிகாஷிடம் நீட்டினார்.

"இன்னொரு கரண்டி ஊத்துப்பா."