பத்து மணிக்குள் ஒரு ஃபேக்ஸ்

“பத்து மணிக்குள்ள ஃபேக்ஸ் போகலேன்னா, மதியம் வர்ற நகோஷி ஐயா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாமலே கிளம்பிடுவாரு, ஹொனாமி!”

ஒசாகாவில் காகிதமில்லா அலுவலகத்துக்கான மென்பொருளை விற்கும் செகாவா, தன் ஃபேக்ஸ் இயந்திரத்தைப் போன மாதம்தான் பெருமையோடு தூக்கிப் போட்டிருந்தார்.

“போன்ல சொல்லக் கூடாதா சார்?”

“ஃபேக்ஸ்ல வந்தாத்தான் எடுத்துக்குவாங்க!”

ஹொனாமி ஆன்லைன் ஃபேக்ஸ் சேவைகளை அலசினாள். “இதுக்கு வருஷச் சந்தா கட்டணும். அது இலவசம், ஆனா நம்ம தாள்ல அவங்க விளம்பரம் வரும். இதுல அனுப்புற பக்கத்துக்கு மட்டும்தான் காசு. எப்பவாவது அனுப்புற நமக்கு இதான் சரி.”

“கெட்டிக்காரிம்மா நீ!”

அனுப்பியதும் தொலைபேசி அடித்தது.

“ஃபேக்ஸ் கிடைச்சுதுங்க. விலாங்குமீன் சாப்பாடு அஞ்சு, பன்னிரண்டு மணிக்கு வந்துடும். ஊறுகாய் வைக்கட்டுமா?”

செகாவா எழுந்து நின்று தொலைபேசிக்குத் தலைவணங்கினார்.

“நிறைய வைங்க. அவரு சாப்பிட்டுட்டுத்தான் பேனாவையே தொடுவாரு.”