வாவி அலையில் பாதி

“அக்கா, எங்கட பாட்டுக் குறூப் உடைஞ்சிட்டுது. ‘வாவி அலை’ எண்ட பேர் எனக்குத்தான் வேணும்,” என்றான் தம்பி நிலோஜன்.

“போஸ்டர்ல என்ட முகம்தான் பெரிசு. பேர் எனக்கு,” என்றான் கூட்டாளி றுஸ்தி.

அக்கா தக்ஷாயினிக்குத் தலை வலித்தது.

“செங்கலடியில இருந்து காத்தான்குடி வரைக்கும் உங்கட போஸ்டர்தான். வாசல்ல செல்ஃபி எடுக்க வாற பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்தியே களைச்சுப் போனன். இப்ப சண்டையுமா? பேரை விடுங்கடா. பாட்டுகளைப் பாதி பாதியாப் பிரிச்சிட்டுப் போங்க.”

இருவரும் தலைகுனிந்தார்கள்.

“என்னடா?”

“பாட்டு எண்டு இன்னும் ஒண்டும் செய்யல்ல அக்கா,” என்றான் நிலோஜன்.

ஏச வாயெடுத்தவள், ஊரெல்லாம் தானே விற்றுக்கொடுத்து, தானும் போட்டிருந்த குழுவின் ரீசேட் சட்டையைக் குனிந்து பார்த்தாள். தோய்த்துத் தோய்த்து மங்கிய எழுத்தில் இருந்தது:

‘வாவி அலையின் முதல் பாட்டு, விரைவில்.’