பழகும் வரை

பற்கள் எல்லாம் போன பிறகு குழந்தைவேலு பல்செட் வைத்துக்கொண்டார். “கொஞ்ச நாளைக்குப் பேச்சு மாறித் தெரியும். தினமும் சத்தமா பேப்பர் படிங்க, பழகிடும்” என்றார் டாக்டர். மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். மழைச் செய்தியின் இரண்டாவது வரியை முடிப்பதற்குள் சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. அண்ணி அமிர்தவல்லி வெளியே வந்து நின்றாள். அண்ணன் இறந்ததிலிருந்து பதினோரு வருடங்களாக அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

“இப்ப யாரு படிச்சது?”

“நான்தான் அண்ணி.”

அதைச் சொன்ன குரல் அண்ணனுடையது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பல்செட்டை அவளே பார்த்துக்கொண்டாள். காலையில் கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அலசி, பேப்பரோடு கொண்டுவந்து வைப்பாள். அவர் படித்து முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகத் தொடங்கிவிட்டது. அவருடைய சொந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது.

“அவரு குரல் முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவ என்னப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க தம்பி.”

அவர் அண்ணியைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. தலை குனிந்தபடி, அண்ணன் வேலை முடிந்து வந்து தெருவாசலில் நின்று கூப்பிடுவதைப் போல, “அமிர்தம்” என்றார்.

“இதோ வந்துட்டேங்க” என்றாள். எதிரே நின்றிருந்தவள் அவரைப் பார்க்கவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி தெருக்கதவைத் திறக்கப் போனாள்.