இன்ஸ்பெக்டர் கருமலையின் நாக்கு

தேன் நிறுவனத்தின் தொட்டி அறைக்குள் இன்ஸ்பெக்டர் கருமலையும் கான்ஸ்டபிள் கீரியும் நுழைந்தார்கள். கரடியாகப் பிறந்த கருமலைக்கு அந்த இடத்தில் நாக்கு ஊறியிருக்க வேண்டும், ஊறவில்லை. "சுத்தமான மலைத்தேன் சார்," என்றது மேலாளரான பச்சோந்தி. சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிறம் மாறியிருந்தது. கருமலை தொட்டியில் விரலை விட்டு நக்கினார். "வெல்லப்பாகு," என்றார். கீரி கைவிலங்கை மாட்டியது.

வெளியே சுவரோரமாகத் தேனீக்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் தேனை வாங்க ஆளில்லை என்று சொல்லி நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. அன்றிலிருந்து அவை பூப்பக்கமே போகவில்லை.

"பொய் சொல்லியிருக்கான். உங்க தேன்னு நம்பித்தான் ஊரே வாங்கியிருக்கு," என்றார் கருமலை.

"நெஜமாவா சார்? எங்க தேனை இன்னும் கேக்கறாங்களா?" என்றது ராணித் தேனீ.

"நானே கேக்கறேனே!"

கூட்டம் மொத்தமும் ரீங்காரத்தோடு எழும்பியது. கீரி ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டது. தலை, தோள், காக்கிச் சட்டை என்று கருமலையின் உடம்பெங்கும் தேனீக்கள் வந்து அமர்ந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. "காதுக்குள்ள போகாதீங்க, கூசுது!" என்று சிரித்தபடி, அவை மலைப்பக்கம் கிளம்பும்வரை அவர் அசையாமல் நின்றார்.