அடித்த கை

விடிகிற வெளிச்சத்தில் டாக்டரம்மா பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். உள்ளே, கொத்தனாருடைய மகளின் பாயில் நெளிந்த விரல் தண்டிப் பாம்பு, கூழாக. "கட்டுவிரியனுக்கும் வெள்ளை வரி, விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கும் வெள்ளை வரி. தலை, செதில் ஏதாவது முழுசா இருந்தா சொல்லிடலாம். ஏங்க இப்படி அடிச்சீங்க?" ஆத்திரம் தீர மண்வெட்டியால் அடித்த கைகளை எங்கே வைப்பதென்று கொத்தனாருக்குத் தெரியவில்லை. "புள்ளையோட கண்ணையே பாத்துட்டிருங்க. விஷம் ஏறினா இமை சரியும், சரிஞ்சா உடனே கூப்பிடுங்க." டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். மகள் கடிபட்ட காலை ஆட்டுகிறாள். "செத்துப்போச்சுல்லப்பா?" "செத்துப்போச்சும்மா." நிம்மதியாகக் கொட்டாவி விடுகிறாள். இமைகள் மெல்லச் சரிகின்றன. அரைத்தூக்கத்தில் அள்ளிக்கொண்டு வந்த பிள்ளை, தூக்கமாகவும் இருக்கலாம். டாக்டரம்மாவைக் கூப்பிட வாயைத் திறக்கிறார் கொத்தனார். அடித்த கையை உயர்த்தி அசைக்கிறார்.