குண்டின் மூக்கு

சுட்டாகிவிட்டது.

சத்தம் கடற்கரைச் சோதனைத் தளத்தின் கோபுரத்துக் கண்ணாடிகளை உலுக்கிவிட்டு அடங்கிய பிறகுதான் அவள் கீழே பார்த்தாள். பீரங்கிக்குப் பக்கத்தில் அடுத்த குண்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

சிப்பாய் ஒருவன் அதன் மூக்கிலிருந்து எதையோ திருகிக் கழற்றினான்.

மொண்ணையான இரும்பு மூடி. கிடங்கில் இருக்கும்வரைதான் அது குண்டில் இருக்கும். அதைத் தரையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குண்டை வெடிக்கவைக்கும் கூரான ஃப்யூஸைத் திருகினான்.

அவள் தரையில் கிடந்த மூடியையே பார்த்தாள்.

பழைய வெளிநாட்டுக் குண்டு. வரைபடம் எங்கும் கிடைக்கவில்லை. கிடங்கில் எடுத்த புகைப்படத்தை வைத்து மூக்கின் வளைவை அவள்தான் அளந்தாள். காற்று அதை எவ்வளவு தடுக்கும் என்று கணக்குப் போட்டாள். குத்துமதிப்பாக இருந்தால் போதும் என்றார் பிரிவுத் தலைவர் வேதநாயகம். அவள் கேட்கவில்லை. ஒரு மில்லிமீட்டரைக்கூட விட்டுவிடக்கூடாது என்று இரண்டு கண்ணும் பூத்துப்போக உட்கார்ந்திருந்தாள்.

அத்தனை அக்கறையாக அவள் அளந்தது அந்த மூடியை.

மொண்ணை மூக்கு காற்றில் திணறும். கிட்டேயே விழும். கூர் மூக்கு அப்படியில்லை.

அவள் கணக்கை வைத்துத்தான் கடலில் எல்லை மிதவைகள் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளியே போட்டார்கள். அந்தக் கொஞ்சமும் அவள் கணக்கிலிருந்து வந்ததுதான்.

மிதவைக்கு இந்தப் பக்கம் வராதீர்கள், அந்தப் பக்கம் பயமில்லை என்று மாதா கோயில் மைக்கில் மீனவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சத்தத்துக்கு மீன் கலைந்து வெளியே ஓடிவரும். அதனால் சுடுகிற நாளில் படகுகள் மிதவைகளை ஒட்டியே வரிசை கட்டி நிற்கும். கெட்டிக்காரர்கள். சொன்ன சொல்லை மீறவுமில்லை.

சுட்ட குண்டு இன்னும் வானத்தில்தான் இருந்தது.

அதை யார் கூப்பிட்டுத் திருப்புவது?

அவள் பாய்ந்துபோய் கோபுரத்து மைக்கைப் பிடுங்கினாள். அடுத்ததைச் சுடவேண்டாம் என்று கத்தினாள். கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் மைக்கைத் திரும்ப வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ரேடார் திரையின் முன் இருந்தவர் குண்டு விழுந்த தூரத்தைப் படித்தார். ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறுபடியும் படித்தார்.

வேதநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"எதுக்கும்மா நிறுத்தச் சொன்னே? நாம நெனச்சதவிட எவ்வளவோ தள்ளிப் போயிருக்கே."

பின்னால் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"மிதவையத் தாண்டிடுச்சு சார்" என்றாள்.

கைதட்டல் நின்றது.

பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். முதலில் வெறும் நீர்தான் தெரிந்தது. பிறகு மிதவைகள். பிறகு படகுகள்.

வரிசையின் நடுவே ஓர் இடைவெளி இருந்தது.

காலையிலேயே இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இருந்திருக்கும். எல்லாப் படகும் நெருக்கியடித்துக்கொண்டா நிற்கும்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பக்கத்துப் படகுகளும் வலைகளை அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்தை நோக்கித் திரும்பின.